மர்ம மிருக வேட்டை: காலகட்டத் திகில் படத்துக்குத் திரைக்கதை எழுதும் முறை

காட்டோரக் கிராமம், பழைய காலம், யாரும் முழுதாகப் பார்த்திராத ஒரு மிருகம், அதைத் தேடிக் கிளம்பும் வேட்டைக்காரர்கள். இந்த வகைக் கதையோடு வருகிற புதியவர்களிடம் முதலில் தயாராக இருப்பது மிருகத்தின் படம். கோரைப்பல் எவ்வளவு நீளம், கண் என்ன நிறம் என்பதெல்லாம் முடிவாகியிருக்கும். அதைக் குறிவைப்பவன் கையில் என்ன துப்பாக்கி என்று கேட்டால் பதில் வராது. முப்பது பக்கம் தாண்டியதும் கதை நகராமல் நிற்பதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். நானே இரண்டு ஸ்கிரிப்டை இப்படித்தான் பாதியில் போட்டேன்.

இங்கே மிருகம் ஆறாவது படியில்தான் வரும். அதற்கு முன்னால் உள்ள ஐந்தும் முடிந்தால்தான் அது எவ்வளவு பெரிதாக, எவ்வளவு வேகமாக இருக்க வேண்டும் என்பதே தெரியும். உதாரணத்துக்கு வழிநெடுக ஒரே நிஜச் சம்பவத்தை எடுத்துக்கொள்கிறேன். 1764 முதல் 1767 வரை தெற்கு பிரான்சின் ஜெவோதான் மலைப்பகுதியில் ஒரு மிருகம், அல்லது மிருகங்கள், ஏறக்குறைய நூறு பேரைக் கொன்றன. இந்த வகைக் கதைகளுக்கெல்லாம் அதுதான் தாய்வீடு.

தொடங்கும் முன் மேசையில் இருக்க வேண்டியவை மூன்று. வரைபடம் போட ஒரு பெரிய தாள், கதை நடக்கும் ஆண்டின் நாட்காட்டி, மிருகத்துக்கென்று தனியாக ஒரு நோட்டு. மூன்றாவதை அலட்சியப்படுத்தாதீர்கள். கடைசிப் படியில் அது இல்லாமல் நகர முடியாது.

1. ஆண்டை எண்ணாக எழுதுங்கள்

"பதினெட்டாம் நூற்றாண்டு" என்று எழுதினால் போதாது. 1764 இலையுதிர்காலம் என்று எழுதுங்கள். நூறு ஆண்டு இடைவெளியில் துப்பாக்கி, விளக்கு, சட்டம், செய்தி பரவும் விதம் எல்லாமே மாறிவிடும்.

ஒரு சின்ன உதாரணம். உரசிப் பற்றவைக்கும் தீக்குச்சி 1820களில்தான் விற்பனைக்கு வந்தது. 1764-இல் நடக்கும் கதையில் நாயகன் இருட்டுக் குகைக்குள் தீக்குச்சி கிழித்தால் அந்தக் காட்சி அங்கேயே செத்தது. அவன் எஃகில் சிக்கிமுக்கிக் கல்லைத் தட்டி, பஞ்சில் பொறி விழவைத்து, ஊதி நெருப்பாக்க வேண்டும். கை நடுங்குபவனுக்கு இது எவ்வளவு நேரமாகும்? உங்கள் திகில் காட்சி ஓசியில் கிடைத்துவிட்டது, பாருங்கள்.

ஆண்டு தெரிந்தால் நிலவும் தெரியும். ஸ்டெல்லேரியம் போன்ற வானியல் மென்பொருளில் பழைய தேதியைக் கொடுத்தால் அன்றைய வானத்தைக் காட்டும். நாடு எந்த நாட்காட்டியைப் பின்பற்றியது என்பதை மட்டும் கவனியுங்கள். பிரான்ஸ் 1582-லேயே இன்று நாம் பயன்படுத்தும் கிரிகோரியன் முறைக்கு மாறிவிட்டது. பிரிட்டன் 1752-இல்தான் மாறியது.

2. ஆயுதத்தை முடிவு செய்யுங்கள்

அதிக நேரம் செலவழிக்க வேண்டிய படி இதுதான். மிருகத்தின் பலம் என்பது தனியாக இருப்பதல்ல; எதிரில் நிற்கும் ஆயுதத்தின் பலவீனம்தான் அதன் பலம்.

1764-இல் வேட்டைக்காரன் கையில் இருப்பது சிக்கிமுக்கிக் கல் பொருத்திய, வாய்வழியாகக் கெட்டிக்கும் துப்பாக்கி. ஒரு முறை சுட்டபின் மறுபடி கெட்டிக்கும் வரிசை இது: குழாயில் வெடிமருந்து கொட்ட வேண்டும், ஈயக் குண்டைப் போட வேண்டும், கம்பியால் இடித்து இறக்க வேண்டும், கம்பியை உருவி அதன் இடத்தில் செருக வேண்டும், பக்கத்திலுள்ள சிறு கிண்ணத்தில் மருந்து வைத்து மூட வேண்டும், கல்லைப் பிடித்திருக்கும் சுத்தியலை, அதாவது துப்பாக்கிக் குதிரையை, முழுக்கப் பின்னால் இழுக்க வேண்டும். பயிற்சி பெற்ற சிப்பாய், அளந்த மருந்தும் குண்டும் காகிதத்தில் சுற்றிய தோட்டாவோடு, நின்றபடி, பதற்றமில்லாமல் செய்தால் 20 விநாடி வரை ஆகும். மருந்து வைக்கும் மாட்டுக் கொம்பைத் திறந்து அளந்து கொட்டுகிற கிராமத்து ஆளுக்கு அதைவிடக் கூடும்.

இப்போது எதிர்ப்பக்கத்துக் கணக்கு. ஓநாய் முழு வேகத்தில் மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். குறி தவறியபோது அது 50 மீட்டர் தள்ளி இருந்தால் நாலு விநாடிக்குள் வந்து சேரும். 20-க்கு 4. இந்த இரண்டு எண்ணையும் சுவரில் ஒட்டிவைத்துக்கொண்டு எழுதுங்கள்.

இதோடு சேர்த்து வருபவை இன்னும் உண்டு. கரும்மருந்து வெடித்தால் அடர்ந்த வெள்ளைப் புகை எழும். காற்றில்லாத நாளில் சுட்டவனுக்கே எதிரில் ஒன்றும் தெரியாது. தூறல் விழுந்தால் கிண்ணத்து மருந்து நனைந்து 'க்ளிக்' என்ற சத்தம் மட்டும் வரும். இரவில் கிண்ணத்தில் எழும் பளிச்சில் கண் கூசி, இருட்டுக்குப் பழகியிருந்த பார்வை போய்விடும். அது முழுதாகத் திரும்ப 20 நிமிடத்துக்கு மேல் ஆகும்.

என் முதல் ஸ்கிரிப்டில் வேட்டைக்காரர் ஒரே காட்சியில் மூன்று முறை சுட்டார். பழைய துப்பாக்கிகளைக் கையாண்ட ஒருவர் படித்துவிட்டு, "இவருக்கு எத்தனை கை?" என்று கேட்டார். திருத்தி எழுதியது ஏறக்குறைய இப்படி வந்தது:

வெளி. சதுப்பு ஓரம். விடியற்காலை. வெடிச் சத்தம். புகை. புகைக்குள் அவர் இருமுகிறார். மருந்துக் கொம்பின் மூடியைப் பல்லால் இழுக்கிறார். பாதி மருந்து குழாயில், பாதி சட்டையில். புகைக்கு அந்தப் பக்கம் நாணல் முறியும் சத்தம். கம்பியால் இடிக்கிறார். ஒன்று. இரண்டு. சத்தம் நின்றுவிட்டது. அவரும் இடிப்பதை நிறுத்துகிறார்.

மிருகம் இதில் எங்குமே இல்லை. மூன்று முறை சுட்ட பழைய காட்சியைவிட இது பத்து மடங்கு மேல்.

வேறு காலகட்டம் என்றால் பயமும் வேறு. 16, 17-ஆம் நூற்றாண்டு திரித் துப்பாக்கி என்றால் எரியும் திரியின் கங்கு இருட்டில் தெரியும், மணக்கும், பதுங்கியிருப்பவனைக் காட்டிக்கொடுக்கும். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கு வந்துவிட்டால் உலோகத் தோட்டாவை அடுத்தடுத்து போட்டுச் சுடலாம். அப்போது கெட்டிக்கும் நேரத்தை நம்ப முடியாது. அடர்ந்த காடு, பார்வைக்குப் படாமை இவற்றைத்தான் நம்ப வேண்டும்.

3. வெளிச்சத்தைக் கணக்கிடுங்கள்

கொழுப்பு மெழுகுவர்த்திக்குத் திரியை அவ்வப்போது கத்தரிக்க வேண்டும். இல்லாவிட்டால் புகைந்து மங்கும். தீப்பந்தம் அதிக நேரம் தாங்காது. அதைவிட முக்கியமாக, பந்தம் பிடித்தவனுக்குத் தன்னைச் சுற்றிச் சில அடிதான் தெரியும். அவனையோ ஒரு மைல் தள்ளி இருப்பவரும் பார்க்கலாம். புதியவர்கள் பந்தத்தைப் பாதுகாப்பாக எழுதுகிறார்கள். அது இலக்கு.

நிலவில் அடிக்கடி வரும் பிழை இரண்டு. முழுநிலவு சூரியன் மறையும் நேரத்தில்தான் கிழக்கில் எழும். அந்திவேளையில் உச்சிவானில் நிற்காது. அப்புறம், கதையில் இரண்டு வாரம் கடந்தபின்னும் பௌர்ணமியே நீடிக்கக் கூடாது.

4. வெளியே போயே ஆக வேண்டிய வேலை எது?

மிருகம் ஆளைக் கொல்கிறது என்று தெரிந்தும் ஜனங்கள் ஏன் வீட்டுக்குள் இருக்கவில்லை? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத ஸ்கிரிப்டில் சாகிறவர்கள் எல்லாரும் முட்டாள்களாகத் தெரிவார்கள்.

ஜெவோதானில் பதில் எளிது: மாடு மேய வேண்டும். மேய்க்கப் போனவர்களில் பெரும்பகுதி சிறுவர், சிறுமியர், பெண்கள். இறந்தவர்களிலும் அவர்களே அதிகம். பிள்ளையை அனுப்பாவிட்டால் மாடு பட்டினி, மாடு போனால் குளிர்காலத்தில் குடும்பம் பட்டினி. அவர்களிடம் இருந்தது கம்பின் முனையில் கட்டிய கத்தி. வேட்டையாடும் உரிமை அன்றைய பிரான்சில் பிரபுக்களுடையது. 1789 ஆகஸ்டில்தான் அந்தச் சலுகை ஒழிந்தது.

உங்கள் ஊருக்கும் இப்படி ஒரு வேலை வேண்டும். விறகு, கரி சுடுதல், தேன் எடுத்தல், பிணத்தை அடுத்த ஊர்க் கல்லறைக்குத் தூக்கிப் போதல், எதுவானாலும் சரி. யார் போவது என்று ஒரு வீட்டுக்குள் நடக்கும் பேச்சை எழுதிப் பாருங்கள். மூத்தவனுக்குக் காய்ச்சல், அதனால் எட்டு வயதுத் தங்கை போகிறாள். தாய் அவள் கையில் கம்பைக் கொடுக்கும்போது முனைக் கத்தி ஆடுகிறதா என்று அசைத்துப் பார்க்கிறாள். இந்த ஒரு அசைவு முன்னால் வந்துவிட்டால், பின்னால் புல்வெளியில் காற்று அடித்தாலே பார்ப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

5. வரைபடம் போடுங்கள்

அழகாக வேண்டாம். ஊர், மேய்ச்சல் நிலம், நீர், காடு, சதுப்பு, ஊர்களுக்கிடையே நடக்கும் நேரம், இவை போதும். தூரத்தை மைலில் எழுதாமல் நடை நேரத்தில் எழுதுங்கள். ஆபத்தை அளப்பது அதுதான்.

சத்தம் எட்டும் எல்லையையும் வட்டமாகப் போடுங்கள். தேவாலய மணி எதுவரை கேட்கும், கூப்பிட்டால் எதுவரை கேட்கும் என்று. அந்த வட்டத்துக்கு ஒரு அடி வெளியே நடக்கும் சம்பவம்தான் கொடூரம்.

6. மிருகத்தின் விதிகள்

இப்போது நோட்டை எடுங்கள். தோற்றத்தை இன்னும் எழுத வேண்டாம். நடத்தையை எழுதுங்கள்: எதைத் தாக்கும், எதை விட்டு ஒதுங்கும், எப்போது வரும், எப்படி நெருங்கும், காயம் பட்டால் என்ன செய்யும். ஐந்தாறு விதி போதும், ஆனால் கடைசிப் பக்கம்வரை மாறக் கூடாது.

ஜெவோதான் பதிவுகளில் இதற்கு நல்ல தீனி உண்டு. ஆட்டை விட்டுவிட்டு மேய்ப்பவரைத் தாக்கியது. பெரும்பாலும் தலையையும் கழுத்தையும். 1764 கோடையில் மாடு மேய்த்த ஒரு பெண்ணைத் தாக்க வந்தபோது அவளுடைய மாடுகளே அதை விரட்டின. 1765 ஜனவரியில் ஏழு பிள்ளைகள் கத்திக் கம்புகளோடு ஒன்றாக நின்று, பிடிபட்ட சிறுவனை அதன் பிடியிலிருந்து மீட்டார்கள். முன்னால் நின்ற சிறுவன் ஜாக் போர்ட்ஃபேயின் படிப்புச் செலவை மன்னர் பதினைந்தாம் லூயி ஏற்றுக்கொண்டார்.

இந்தச் சம்பவங்களைக் கூர்ந்து பாருங்கள். கொம்புக்குப் பயப்படுகிறது, கூட்டத்துக்குத் தயங்குகிறது, தனியாளைத் தேடுகிறது. மூன்று விதி கிடைத்துவிட்டது. மாடுகள் விரட்டிய காட்சியை ஆரம்பத்தில் போட்டுவிட்டால், பின்னால் ஒரு சிறுமி மாடுகளைவிட்டு நாலு அடி விலகும்போது திரையரங்கில் யாரோ "போகாதே" என்பார்கள்.

பெரிய பிழை: தேவைப்படும்போதெல்லாம் மிருகத்துக்குப் புதுத் திறமை கொடுப்பது. முதல் பாதியில் கதவைத் திறக்கத் தெரியாதது பின்பாதியில் கூரையைப் பிய்க்கும். அதற்குப் பிறகு யாரும் பயப்பட மாட்டார்கள். அடுத்து என்ன வித்தை என்று காத்திருப்பார்கள்.

அது ஓநாயா, மனிதனா, சாபமா என்பதையும் இங்கேயே நோட்டில் எழுதி மூடிவிடுங்கள். பாத்திரங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். உங்களுக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது.

7. இறப்புப் பதிவேடு

ஒவ்வொரு தாக்குதலுக்கும் நாள், நேரம், இடம், பெயர், செய்த வேலை என்று ஒரு வரி. எழுதியபின் மூன்றில் இரண்டு பங்கை அடித்துவிடுங்கள். அவை திரையில் வராது, பேச்சில் வரும். திரையில் நேரடியாகக் காட்டும் மரணம் மூன்று, மிஞ்சினால் நான்கு. ஐந்தாவதுக்கு மேல் பார்ப்பவர் எண்ண ஆரம்பித்துவிடுவார்.

பெயரில்லாத ஆளை இருட்டில் ஓடவிட்டுக் கொல்லும் தொடக்கக் காட்சியை நான் பெரும்பாலும் வெட்டச் சொல்வேன். தெரியாதவர் செத்தால் அது வெறும் தகவல்.

8. வேட்டைக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக

முதல் நாளே சரியான ஆள் வந்துவிட்டால் படம் அரை மணி நேரம்தான். ஆகவே தோற்கும் முறைகளை வரிசையாக வையுங்கள். ஒவ்வொரு தோல்வியும் வேறு காரணத்தால் வர வேண்டும், அடுத்தவர் வருவதற்கு வழி விட வேண்டும்.

வரலாறே இதை அடுக்கி வைத்திருக்கிறது. முதலில் கேப்டன் துயாமெல், குதிரைப்படை வீரர்களோடு. 1765 பிப்ரவரியில் பல ஊர் ஜனங்களை ஆயிரக்கணக்கில் திரட்டிக் காட்டைக் கலைத்துப் பார்த்தார்கள், அகப்படவில்லை. அப்புறம் நார்மண்டியிலிருந்து ஓநாய் வேட்டையில் பேர்போன தென்வால் தந்தையும் மகனும். அவர்களும் முடியாமல் போகவே, மன்னரின் துப்பாக்கி அதிகாரி பிரான்சுவா அந்துவான். படை, அனுபவம், அரசு அதிகாரம் என்று மூன்று வகை.

நான்காவது ஆள் உள்ளூர்க்காரர், ஜான் ஷாஸ்தெல். 1765-இல் அந்துவானின் ஆட்களைச் சதுப்புக்குள் போகவிட்டு வம்பு செய்ததற்காக அவரும் மகன்களும் சிறையில் அடைக்கப்பட்டார்கள். கடைசியில் மிருகத்தைச் சுட்டவர் அவர்தான். வெளியாளுக்கும் உள்ளூராளுக்கும் உள்ள புகைச்சலை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல நம்மால் முடியாது. உங்கள் கதையில் சதுப்பு எங்கே ஆழம் என்று தெரிந்த ஒருவர் அதைச் சொல்லாமல் இருப்பதற்குக் காரணம் கொடுங்கள், போதும்.

இங்கே வரும் பிழை, ஊர்க்கூட்டக் காட்சிகள். ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் பாதிரியார், அதிகாரி, கோபக்காரர் மூவரும் கூடிக் கத்துவார்கள். ஒன்று இருக்கட்டும், மற்றவற்றை எடுங்கள். ஜனங்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதைக் கதவுக்கு உட்பக்கம் புதிதாகப் போட்ட தாழ்ப்பாளே சொல்லிவிடும்.

9. இடைவேளையில் தவறான மிருகத்தைக் கொல்லுங்கள்

1765 செப்டம்பரில் அந்துவான் ஒரு பெரிய ஓநாயைச் சுட்டார். பாடம் செய்யப்பட்ட உடல் வெர்சாய் அரண்மனைக்குப் போனது. பரிசும் புகழும் கிடைத்தன. அரசவையைப் பொறுத்தவரை விஷயம் முடிந்தது. டிசம்பரில் தாக்குதல் மறுபடி தொடங்கியது. இப்போது உதவி கேட்டால், "அதுதான் செத்துவிட்டதே."

இதை நடுப்பகுதியில் வைப்பதற்குக் காரணம் வெறும் திருப்பம் அல்ல. முதல் பாதியில் மிருகம் மட்டும்தான் எதிரி. இந்த இடத்துக்குப் பிறகு, அதைப் பார்த்தேன் என்று சொல்வதே குற்றம். பார்ப்பவருக்குத் தெரிந்த உண்மையை ஊரில் யாரும் சொல்ல முடியாத நிலை வருகிறது.

கொன்ற மிருகம் தவறானது என்பதற்கு ஒரு தடயத்தை முன்கூட்டியே வையுங்கள். ஆறாவது படியின் விதிகளில் ஒன்று அதற்குப் பொருந்தாமல் இருக்கட்டும். உதாரணமாக, அது ஆட்டுப் பட்டியில் அகப்பட்டது என்று எழுதுங்கள். ஆட்டைத் தொடாத மிருகம் ஆட்டுப் பட்டியில் என்ன செய்தது? கவனித்தவர் கவனிப்பார்.

10. எப்போது எவ்வளவு காட்டுவது

முதலில் விளைவு: மேயாமல் நிற்கும் மாடுகள், கிடக்கும் கம்பு. பிறகு சத்தம். பிறகு சாட்சிகளின் பேச்சு. இதில் ஒருவர் சொல்வதும் மற்றவர் சொல்வதும் ஒத்துப்போகக் கூடாது. படம் பிடிக்க வழியில்லாத காலம். செய்தித்தாளும் அச்சுச் சித்திரமும் வாய்ப்பேச்சும்தான் மிருகத்தை வளர்க்கும். பிறகு ஒரு பகுதி, ஒரே நொடி. முழு உருவம் கடைசி வேட்டைக்கு முன் வேண்டாம்.

தோற்றத்தை நீங்கள் முடிவு செய்ய வேண்டியது இப்போதுதான். இதுவரை பாத்திரங்கள் சொன்ன எல்லாவற்றுக்கும் ஏதோ ஒருவிதத்தில் பொருந்துகிற, ஆனால் யாரும் முழுதாகச் சொல்லாத உருவம்.

11. கடைசி வேட்டை

1767 ஜூன் 19 அன்று ஷாஸ்தெல் மிருகத்தைச் சுட்டார். அவர் வெள்ளிக் குண்டு பயன்படுத்தினார் என்பது பின்னால் கதை எழுதியவர்கள் சேர்த்தது. அக்காலத்து ஆவணங்களில் இல்லை. உங்கள் கதையில் மந்திரக் குண்டு வைப்பது உங்கள் இஷ்டம். ஆனால் அது வந்த உடனே இரண்டாவது படியில் செய்த வேலை எல்லாம் வீண். சாதாரண ஈயக் குண்டு, ஒரே வாய்ப்பு, 20 விநாடி. இதற்கு மேல் என்ன வேண்டும்?

வெற்றி விதிகளிலிருந்து வர வேண்டும். கூட்டத்துக்கு வராது, தனியாளுக்கு வரும் என்றால், யாராவது தனியாகப் போய் நிற்க வேண்டும். யார் என்பதுதான் உங்கள் கதை. 1765 ஆகஸ்டில் மாரி ஜான் வாலே என்ற இளம்பெண் ஈட்டியால் அதன் நெஞ்சில் குத்தினாள். துப்பாக்கிக்காரர்களின் படமாகவே எழுதிக்கொண்டு போகிறவர்கள் இந்தப் பெண்ணை ஒரு முறை நினைத்துக்கொள்வது நல்லது.

மிருகம் விழுந்தபின் இரண்டு காட்சிக்கு மேல் இழுக்காதீர்கள். ஒரு யோசனை: எழுத்தர் வந்து உடலை அளந்து எழுதட்டும். ஜெவோதானிலும் அப்படி ஒரு நோட்டரி அளந்து பதிவு செய்தார். மூன்றாண்டு பயம் அங்குலக் கணக்காக மாறுவதைப் பக்கத்தில் நின்று ஊர் பார்க்கும்.

12. வசனம்

இரண்டு பக்கமும் பள்ளம். ஒன்று, எல்லாரும் "ஐயகோ, என்ன கொடுமை இது" என்று மேடை நாடகம் பேசுவது. இன்னொன்று, மாடு மேய்ப்பவள் "டென்ஷன் ஆகாதே, ரெண்டு நிமிஷத்துல வந்துடுவேன்" என்பது. எளிய பேச்சுத்தமிழே போதும். அந்தக் காலத்துக்கு வராத அளவுகளை மட்டும் எடுங்கள். அவளிடம் கடிகாரம் இல்லை. "மணியடிக்கிறதுக்குள்ள வந்துடுவேன்" என்றால் சரி. அப்புறம் மணியடிக்கும். அவள் வந்திருக்க மாட்டாள்.

மிருகத்தின் கதையை முழுக்க ஒரு கிழவியின் வாயில் வைத்து ஒரே காட்சியில் கொட்டாதீர்கள். தெரிந்தவர் பாதி சொல்லி நிறுத்தட்டும்.

13. ஆள் வைத்துச் சோதிப்பது

முதல் வரைவு முடிந்ததும் ஒரு நண்பரை உட்காரவைத்து, மிருகத்தின் நோட்டையும் வரைபடத்தையும் அவரிடம் கொடுங்கள். நீங்கள் ஸ்கிரிப்டைச் சத்தமாகப் படியுங்கள். காட்சிக்குக் காட்சி நிறுத்தி ஒரே கேள்வி: "இப்போ அது எங்கே இருக்கு, என்ன பண்ணுது?" அவர் நோட்டைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும், விரலை வரைபடத்தில் வைத்துக் காட்ட வேண்டும்.

பதில் வராத காட்சியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். அங்கே மிருகம் உங்கள் வசதிக்காக வந்துபோகிறது என்று அர்த்தம். என் கடைசி வரைவில் பதினொரு கோடு விழுந்தது. அதில் எட்டைத் திருத்த நேரத்தையோ இடத்தையோ மாற்றியதே போதுமாக இருந்தது. மீதி மூன்றையும் தூக்கிவிட்டேன். அதில் ஒன்று எனக்கு ரொம்பப் பிடித்த காட்சி.

துப்பாக்கி வரும் காட்சிகளை மட்டும் கையில் கடிகாரத்தோடு, ஒரு கம்பை வைத்துக் கெட்டிப்பதுபோல் நடித்து, இன்னொரு முறை படியுங்கள். வசனம் 20 விநாடிக்கு முன்னால் தீர்ந்துவிட்டால் வசனம் சேர்க்காதீர்கள். கம்பு இடிபடும் சத்தத்தை எழுதுங்கள்.